சென்னை மாநகராட்சியின் பருவச் சேவைகள்: எதை எந்த மாதம் கேட்க வேண்டும்?

ஓர் ஊரின் குப்பைச் சேவையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிய, காயலாங்கடைக்காரர் எதை எடுக்க மாட்டார் என்று பார்த்தாலே போதும். இரும்பு, பித்தளை, செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பால் கவர் எல்லாவற்றையும் எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். ஃபோம் மெத்தை, கிழிந்த சோபா, தலையணை, தண்ணீர் பட்டு உப்பிப்போன பிளைவுட் கட்டில், தெர்மாகோல் இவற்றை நாம் எதிர்க்காசு கொடுத்தாலும் தொடமாட்டார். மாடிப்படிக்கு அடியில் பத்து வருஷம் கிடந்துவிட்டு, ஒரு நாள் ராத்திரி தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ‘தானாக’ வந்து நிற்பவை இவைதான்.

அந்த ஓட்டையைத்தான் சனிக்கிழமைப் பழைய பொருள் சேகரிப்பு அடைக்கிறது. சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. கட்டணம் கிடையாது. 1913 எண்ணில் பேசலாம், ‘நம்ம சென்னை’ செயலியில் பதியலாம், 94450 61913 என்ற வாட்ஸ்ஆப் எண்ணுக்கும் அனுப்பலாம். சோபா, மெத்தை, துணி, மரச்சாமான், மின்னணுக் கழிவு எல்லாம் கணக்கில் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் சேவைகளில் முழு மனதோடு பரிந்துரைக்கத் தகுந்தது இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு.

பதியும்போது ‘பழைய சாமான்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் வருவது சின்ன பேட்டரி வண்டியாக இருக்கலாம். அதில் மூன்று பேர் உட்காரும் சோபா ஏறாது. பொருள், எண்ணிக்கை, தோராயமான நீள அகலம், எந்த மாடி, தெருவுக்குள் லாரி நுழையுமா என்ற ஐந்தையும் சொல்லிவிட வேண்டும். மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டுங்கள். முந்தைய இரவே வெளியே போட்டு வைக்காதீர்கள். மழையில் நனைந்த பஞ்சு மெத்தையை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. கட்டிலையும் அலமாரியையும் கழற்றிப் பலகைகளாக அடுக்கி, ஆணிகளை மடக்கிவிட்டுத் தரைத்தளத்தில் வைத்தால் ஐந்து நிமிட வேலை. மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டில் முழு அலமாரியாக நின்றால் அது அடுத்த வாரமும் அங்கேயேதான் நிற்கும்.

மின்னணுப் பொருள்களில் கூடுதல் கவனம் வேண்டும். டார்ச், ரிமோட், பொம்மை எதுவானாலும் பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். உப்பிப்போன செல்போன் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடுங்கள். குப்பை லாரியில் அழுத்தும்போது லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளேயே தீப்பிடிக்கும். பழைய ஃபிரிட்ஜில் இருக்கும் செம்புக் குழாயை வெட்டி விற்றுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. குழாயை வெட்டிய அந்த நொடியே உள்ளிருக்கும் வாயு காற்றில் கலந்துவிடும். ஃபிரிட்ஜை முழுசாகவே ஒப்படையுங்கள். புதிது வாங்கும் கடையில் மாற்றிக்கொள்ள வழி இருந்தால் அது இன்னும் நல்லது.

போகிக்கும் இந்தச் சேவைக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. ஒவ்வோர் ஆண்டும் போகிக்கு முந்தைய நாட்களில் டயர், ட்யூப், பிளாஸ்டிக், பழந்துணி ஆகியவற்றை எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கும்படி மாநகராட்சி அறிவிக்கிறது. மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே இருப்பது சற்றுச் சூடாக இருக்கும். காற்றோட்டமும் இருக்காது. அந்த நேரத்தில் எழும் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக்கொள்கிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதும் திருப்பிவிடப்பட்டதும் இதனால்தான். பழைய பாய், துடைப்பம், வறட்டி இவற்றை எரித்த காலத்துப் புகை வேறு. டயர், ரெக்சின், பாலியஸ்டர் சேலை, ஃபிளக்ஸ் பேனர் எரியும் புகை வேறு.

இதில் மாதக் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். போகி ஜனவரி 13 அல்லது 14. வீட்டை ஒழிப்பதோ அதற்கு முந்தைய இரண்டு நாட்களில். அப்போது எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் மூட்டை வெளியே வரும், வண்டி நிரம்பிப் போய்விடும். டிசம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குப் பதிந்துவிட்டால் நெரிசலே இல்லை. உடுத்தக்கூடிய துணியைத் துவைத்துத் தனிப் பையில் கட்டி, மேலே எழுதி ஒட்டுங்கள். கிழிசலோடு கலந்து கொடுத்தால் நல்ல துணியும் கழிவாகிவிடும். வாகன டயரைப் பொறுத்தவரை, புதிது மாற்றும்போதே பழையதைக் கடையில் விட்டுவிட்டு வருவதுதான் சரி. ‘எதற்காவது ஆகும்’ என்று வீட்டுக்குக் கொண்டுவந்த டயர் மழைக்காலத்தில் எதற்கு ஆகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

பட்டாசுக் குப்பை

தீபாவளிக்கு மறுநாள் வீதியைக் கூட்டுவது மாநகராட்சி வேலைதானே என்று தோன்றும். கூட்டுவார்கள்தான். ஆனால் இந்தக் குப்பை போகும் இடம் வேறு என்பது பலருக்குத் தெரியாது. பட்டாசுக் கழிவைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு மையத்துக்கு லாரியில் அனுப்புகிறார்கள். மத்தாப்பின் பச்சை வண்ணத்துக்குப் பேரியம், வெள்ளை ஒளிக்கு அலுமினியத் தூள், வெடிக்கக் கந்தகம் என்று அதில் இருப்பவை உரக்குழிக்குப் போகக் கூடாதவை. ஒரு மூட்டை பட்டாசுத் தூள் காய்கறிக் கழிவோடு சேர்ந்துவிட்டால் அந்த வண்டி உரம் முழுக்க வீண்.

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சாக்கும் வாசலில் இருந்தால் போதும். கம்பி மத்தாப்பை அணைந்ததும் வாளியில் போடுங்கள். வெறும் காலில் மிதித்துச் சுட்டுக்கொள்ளும் விபத்து குறையும். மறுநாள் கம்பியை இரும்புக் கணக்கில் காயலாங்கடைக்கே போடலாம். வெடிக்காத பட்டாசைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்த பிறகுதான் சாக்கில் போட வேண்டும். குவித்து வைத்துக் கொளுத்துவது கூடவே கூடாது. குவியலுக்குள் இருக்கும் ஒரு புஸ்வாணம் போதும், முகத்துக்கு நேரே கிளம்பும்.

இதில் நேரம் ஏன் முக்கியம் என்றால், தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழையோடு. சரவெடிக் காகிதத் துணுக்கு ராத்திரி மழையில் ஊறிக் கூழாகி, தெருவோர வடிகால் தொட்டியின் கம்பி வலையில் அப்பிக்கொள்ளும். காலையில் தெரு முழங்கால் ஆழம். ஆகவே இரவு எட்டரைக்கே ஒரு தடவை கூட்டி அள்ளிவிடுவது நல்லது. சேவையாகப் பார்த்தால் நன்றாகத் திட்டமிடப்பட்டது. சறுக்குவது பெரும்பாலும் வீட்டு வாசலில், எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டித் தரும்போது.

மழைக்கு முன்

மழைநீர் சம்பந்தமான புகார்களில் பல தவறான கதவைத் தட்டுகின்றன. தெருவில் நிற்பது மழைநீர் என்றால் அது மாநகராட்சி, 1913. மேன்ஹோல் பொங்கிக் கழிவுநீர் வருகிறது என்றால் அது குடிநீர் வாரியம், 1916 அல்லது 044 4567 4567. அறுந்து கிடக்கும் மின்கம்பி, தண்ணீரில் மூழ்கிய மின்பெட்டி என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. தண்ணீர் நிற்கும்போது எது எதுவென்று சொல்வது கஷ்டம். நுரையும் நாற்றமும் கருமையும் இருந்தால் கழிவுநீர், செம்மண் கலங்கலாக இருந்தால் மழைநீர் என்பது தோராயமான அடையாளம். இரண்டும் கலந்து நிற்பதுதான் சென்னையில் வாடிக்கை. அப்படியானால் இரண்டு இடத்திலும் புகார் எண் வாங்குங்கள். ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டிப் புகாரை முடிப்பது அப்போது கடினம்.

தூர்வாரும் வேலை பருவமழைக்கு முன், ஜூலை முதல் செப்டம்பர் வரை நடப்பது. வடிகாலில் அடைப்பு என்று நவம்பரில் சொன்னால் மோட்டார் வைத்து இறைப்பதைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஜூலையில் சொன்னால் மூடியைத் தூக்கி வண்டலை அள்ளலாம். மழைக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, சாலையோரத்தில் தண்ணீர் இறங்கும் துவாரம் சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்பது. மேலே மேலே தார் போட்டதில் துவாரம் மூடிப்போன இடங்களிலும், சரிவு எதிர்ப்பக்கம் போன இடங்களிலும் வடிகால் சுத்தமாகவே இருக்கும், தண்ணீர்தான் அதற்குள் போகாது. அங்கே தூர்வாரி என்ன பயன்? அடுத்து, அள்ளிய வண்டலை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் மழையில் அது அப்படியே உள்ளே திரும்பிவிடும். அன்றே புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றுங்கள். கடைசியாக, மே மாத வெயிலிலும் மழைநீர் வடிகாலில் கறுப்பாகத் தண்ணீர் ஓடினால் யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோடையில் மட்டுமே பளிச்சென்று தெரியும் விஷயம் இது. மழை வந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். கட்டமைப்பு இல்லாத கட்டடம் குறைவு, வேலை செய்யும் கட்டமைப்பு அதைவிடக் குறைவு. கணக்கு எளிது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93 லிட்டர். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அதாவது 1.3 லட்சம் லிட்டர். ஆவியாவது, வழிவது போக ஒரு லட்சம் லிட்டராவது மண்ணுக்குள் அனுப்ப முடியும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரி. 2019 கோடையில் ஒரு லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டித் தொட்டி. அடியில் 40 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி, அதன் மேல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே ஆற்றுமணல் அல்லது சிறு கூழாங்கல் என்று அடுக்குவார்கள். மாடியிலிருந்து வரும் தூசியும் இலைத்துகளும் மணலின் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் படிந்து தார் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் இறங்காது, தொட்டி வழிந்து தெருவுக்குப் போகும். பார்த்தவர் ‘மண் உறிஞ்சவில்லை’ என்பார். செப்டம்பரில் மேல் அடுக்கை 10 சென்டிமீட்டர் வரை எடுத்துக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே நைலான் கொசுவலை விரித்திருந்தால் அடுத்த வருஷம் வேலை பாதி. மாடியில் குழாய் வாயில் வலை, முதல் மழையை வெளியே விட ஒரு தனி வால்வு, இரண்டும் கட்டாயம்.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழியின் வகை மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணல் பகுதியில் ஒரு மீட்டர் சதுரத்தில் ஒன்றரை மீட்டர் ஆழக் குழியே போதும். வேளச்சேரி மாதிரிக் களிமண் பகுதியில் அதே குழி குளமாக நிற்கும். அங்கே மூன்றடி விட்ட உறைகிணறு இறக்கி, அடியில் களிமண் அடுக்கைத் துளைத்து மணல் அடுக்கு தட்டும் வரை துளை போட வேண்டும். எல்லாவற்றையும்விடச் சுலபம், வீட்டில் பழைய கிணறு இருந்தால் வடிகட்டி வழியாக அதற்குள் விட்டுவிடுவது. கிணற்றை மூடி அதன் மேல் கார் நிறுத்தியவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. மண்ணைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் மந்தைவெளியில் 2002 முதல் மழை மையம் இருக்கிறது. அரசு அலுவலகம் அல்ல, ஆகாஷ் கங்கா அறக்கட்டளை நடத்துவது. மாதிரிகளை நேரில் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் பேசினால் ஏமாற மாட்டீர்கள்.

கொசு

மழைக்காலத்தில் மக்கள் அதிகம் கேட்பது புகை மருந்து. சேவைகளில் பலன் குறைந்தது எது என்று கேட்டால் அதுதான். அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் வளர்ந்த கொசுவை மட்டும் புகை கொல்லும். புழுவும் கூட்டுப்புழுவும் தண்ணீரிலும், முட்டை தொட்டிச் சுவரிலும் பத்திரமாக இருக்கும், ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். போதாக்குறைக்கு, வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் சன்னலைச் சாத்துவதால் டெங்குக் கொசு வீட்டுக்குள் அலுங்காமல் இருக்கிறது. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் வளர்வது. கூவத்தில் வளர்வது கியூலெக்ஸ், அது வேறு ஜாதி.

பயனுள்ள சேவை, வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள். பலர் கதவைத் திறப்பதில்லை, திறந்தாலும் சம்ப் மூடியைத் தூக்க விடுவதில்லை. தூக்கவிடுங்கள். கையோடு அவர்களுக்குக் காட்ட வேண்டிய இடங்கள்: ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, ஓவர்ஹெட் டேங்கின் உடைந்த மூடி, உபயோகிக்காத கழிப்பறை, மாடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி, தேங்காய்ச் சிரட்டை. மேலே சொன்ன டயரும்தான். டயரை எப்படிக் கவிழ்த்தாலும் உள்வளைவில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கும், அது போதும்.

முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். ஆகையால் வாரம் ஒரு முறையாவது கொட்டிவிட வேண்டும். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தொட்டியின் பக்கச் சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ‘நாங்கள்தான் தினமும் தண்ணீர் மாற்றுகிறோமே’ என்று சொல்லும் வீட்டில் புழு கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

தினசரி வண்டி, இலைச்சருகு

பருவச் சேவை எதுவானாலும் தினமும் வரும் பேட்டரி வண்டி சரியாக நடந்தால்தான் உருப்படும். பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காததற்கு. திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயகரக் குப்பையையும் தனியே கேட்கின்றன: ட்யூப்லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை, பெயின்ட் டப்பா. நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு குறி போட்டுக் கொடுங்கள். அதைக் கையால் பிரிப்பவர் ஒரு மனிதர்.

மக்கும் குப்பையைப் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுத் தருவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஒரு தெருவுக்கு நூறு கவரைக் கிழித்துக் கொட்ட வண்டிக்காரருக்கு நேரம் கிடையாது, மொத்தமும் கலப்புக் குப்பையாகப் போகும். வாளியோடு கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வாளியைத் திரும்ப எடுத்துவருவதே சரி. மறுபக்கத் தவறும் உண்டு. நீங்கள் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், வண்டி எண் தெரிய ஒரு படம் எடுத்து ‘நம்ம சென்னை’யில் ஏற்றுங்கள். பணியாளரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. பெரும்பாலும் அவருக்குக் கொடுத்த வண்டியில் தொட்டி குறைவாக இருக்கும், அல்லது சேரும் இடத்தில் எப்படியும் ஒன்றாகக் கொட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மேலே போய்த் தீர வேண்டிய பிரச்சினை அது. சேவைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் குறைப்பது இந்த இடத்தில்தான்.

அடுக்குமாடிகளுக்கு ஒரு கணக்கு. நாளுக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ குப்பை உண்டாக்கும் இடத்தைத் திடக்கழிவு விதிகள் ‘பெருமளவு கழிவு உருவாக்குபவர்’ என்கின்றன. தலைக்கு அரை கிலோ, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 50 வீடுகளிலேயே 100 கிலோ வந்துவிடும். அத்தகைய இடங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் ‘நாம் சின்னக் குடியிருப்புதானே’ என்று ஒருவர் தொடங்கும் முன் இந்தப் பெருக்கலைப் பலகையில் எழுதிவிடுவது நல்லது.

வீட்டு உரத்துக்கு இடம் அதிகம் வேண்டாம். 50 லிட்டர் டிரம் மூன்று, பக்கங்களில் பென்சில் நுழையும் அளவு துளைகள் ஒரு ஜாண் இடைவெளியில், அடியில் நாலைந்து. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு நொறுக்கிய சருகு. எடையில் அல்ல, கொள்ளளவில். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் அல்லது கைப்பிடி பழைய உரம். வாரம் ஒரு முறை கிளறல். பிழிந்து பார்த்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நாற்றத்துக்கும் வெள்ளைப் புழுவுக்கும் காரணம் ஒன்றுதான், ஈரம் மிஞ்சிக் காற்றுக் குறைவது. நான்கு பேர் வீட்டில் ஒரு டிரம் ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். மூன்றாவது நிரம்பும்போது முதலாவது உரமாகியிருக்கும்.

சென்னையில் பலர் உரம் போடுவதை நவம்பரில் கைவிடுகிறார்கள். காரணம் சருகு. மழைக்காலத்தில் காய்ந்த இலை கிடைக்காது, கிடைப்பதும் சொதசொதவென்று இருக்கும். பாதாமும் வேறு பல தெருமரங்களும் மாசி, பங்குனியில் கொட்டித் தீர்க்கும்போது யாரும் தொடாமல் தெருவோரத்தில் குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்தச் சருகைத்தான் சேர்த்துவைக்க வேண்டும். நாளுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவுக்குச் சுமார் நான்கு லிட்டர் நொறுக்கிய சருகு ஆகும். மூன்று மழை மாதங்களுக்கு 360 லிட்டர், அதாவது பெரிய அரிசிச் சாக்கில் நான்கைந்து மூட்டை. பிப்ரவரி, மார்ச்சில் தெருவைக் கூட்டுபவரிடம் சொல்லிவைத்தால் மூட்டையாகவே கட்டித் தருவார், அவருக்கும் சுமை குறையும். வெயிலில் இரண்டு நாள் உலர்த்தி, மாடிப்படிக்கு அடியில் அடுக்குங்கள். மெத்தை போன பிறகு அங்கே இடம் இருக்கும்.

மஞ்சப்பை பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் தொடர்ச்சியாக 2022-ல் கோயம்பேடு சந்தையில் வந்தது பை எந்திரம், பத்து ரூபாய்க்கு ஒரு துணிப்பை. யோசனை நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் எந்திரத்தில் பை வாங்குபவர் மறந்துபோகும் பழக்கத்தைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். பையை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் எந்திரத்துக்கு வேலையில்லை. மீன் வாங்கத் துணிப்பை ஒத்துவராது, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள்.

மரக்கன்று வேண்டுவோர் ஆடி, ஆவணியில் வார்டு அலுவலகத்தில் கேட்டுவைத்து, முதல் நல்ல மழைக்குப் பின் நடலாம். இரண்டடி நீள, அகல, ஆழக் குழி, மேலே மின்கம்பி இல்லாத இடம். அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்குச் சிமென்ட் போட விடாதீர்கள். புயலில் முதலில் சாய்வது வேர் பரவ இடமில்லாத மரம்.

எந்தச் சேவையானாலும் புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். எண்ணோடு தேதியையும் பொருளையும் குறித்து வையுங்கள். ‘முடிக்கப்பட்டது’ என்று செய்தி வந்து, வேலை நடக்காமல் இருந்தால் அன்றைய தேதி தெரியும் படத்தோடு அதே எண்ணைச் சொல்லி மறுபடி திறக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு புகார் பதிந்தால் பழையது முடிந்ததாகவே கணக்கில் நிற்கும், நாள்கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். சங்கமாக இருந்தால் பத்துப் பேர் பத்துப் புகார் பதிவதைவிட, ஒரே தெருவின் பத்து இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே புகார் எண்ணைக் குறித்து, ஜூலை முதல் வாரத்தில் வார்டின் உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்வது வேகமாக நகரும்.